மஞ்சள் தடவிய அட்டை

வீட்டில் முயல் வளர்க்கிறோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் வருகிற முதல் கேள்வி, "கறிக்கா?" என்பதுதான். இல்லை, சும்மா வளர்க்கிறோம் என்றால் அடுத்த கேள்வி, "சும்மா எதுக்கு?" காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து, மாலையில் அதே மாதிரி நின்றுகொண்டே திரும்புகிற எனக்கு, இதற்கெல்லாம் விளக்கம் சொல்லத் தெம்பு கிடையாது. "பொண்ணு ஆசப்பட்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அது முழு உண்மை இல்லை. போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, அதில் பாதியைக் கொடுத்தும் முடித்த பிறகு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு யார் யாரோடு பேசினாள் என்று தினமும் போனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னானாம் அந்தப் பையன். அனுப்பாத நாளில் முகம் தூக்கிக்கொள்வானாம். இதை அவள் அழாமல், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேம்மா. முடியாது." நானும் சரி, என் வீட்டுக்காரரும் சரி, அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பையன் வீட்டுக்குப் போய், உட்காரச் சொல்லாத இடத்தில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான்.

ஆனால் சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போன் செய்தவர்களிடமும் வழியில் பார்த்தவர்களிடமும் "கல்யாணம் தள்ளிப் போயிருக்கு" என்றே சொன்னார். இத்தனைக்கும் மல்லாட்டை மண்டியில் காலமெல்லாம் வேர்க்கடலை மூட்டை எடை போட்டவர். தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உள்ளதைச் சொல்வார் என்று பேர் வாங்கியவர். முழங்கால் போன பிறகு வீட்டோடு இருக்கிறார். "நின்னு போச்சுன்னு சொல்லிடுங்க. நாலு நாளு பேசுவாங்க, அப்புறம் அவங்கவங்க வேலய பாத்துக்கினு போயிடுவாங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சொல்லிக்கலாம், இப்ப இன்னா ஜல்தி?" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அதோடு மல்லுக்கட்ட எனக்கு உடம்பில் சத்து இல்லை.

மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கூடத்தில் அவர் போனில் "தள்ளிப் போயிருக்கு" என்று சொல்லும் போதெல்லாம் அவள் அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா அப்பிடி சொல்லும்போதெல்லாம், நான் இன்னும் அந்த வீட்டுக்குத்தான் போகப்போறேன்னு இருக்குதும்மா. ஒரு தடவ, ஒரே ஒரு ஆளுகிட்ட, நின்னு போச்சுன்னு அவரு வாயால சொன்னா போதும்." நான் என்ன செய்ய? அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாள் மயிலத்திலிருந்து அவருடைய சித்தப்பா மகன் போன் செய்தார். தள்ளிப் போயிருக்கிறது என்றே இவர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தைக்குப் போய், சாம்பல் நிறத்தில் ஒரு முயல்குட்டியோடு வந்து இறங்கினாள். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். அவளைத் தவிர யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது "இது." அவருக்கு "மொசலு." வந்த வாரத்திலேயே போன் சார்ஜர் ஒயரையும், என் ஆபீஸ் பையின் வாரையும், நாற்காலிக் காலையும் கடித்து வைத்தது. எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பேஜாரு போதாதா என்று கேட்டேன்.

"அதுக்குப் பல்லு வளந்துக்கினே இருக்கும்மா. கடிக்கலன்னா வாயே மூட முடியாது" என்றாள். காய்ந்த புல்தான் அதற்கு முக்கியச் சாப்பாடாம், அதுவே பல்லையும் தேய்க்குமாம். பொழுது போகக் கடிப்பதற்கு அட்டை கொடுக்கலாமாம். கூரியரில் வருகிற பெட்டிகளை எடுத்து உட்கார்ந்தாள். டேப்பை உரித்தாள். பின் அடித்திருந்தால் பிடுங்கினாள். முகவரி ஒட்டிய தாளைப் பசையோடு கிழித்தெடுத்தாள். படமும் நிறமும் போட்ட பக்கத்தைத் தனியாகத் தள்ளிவிட்டு, வெறும் பழுப்பு அட்டையில் இரண்டு வாசல் வைத்த ஒரு வீடு செய்தாள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழலை வாங்கி வந்து, துண்டு போட்டு, உள்ளே புல்லைத் திணித்து வைத்தாள். முயல் அதை உருட்டி, கடித்து, கிழித்துப் பரப்பியது. தின்றதைவிடத் துப்பியதே அதிகம். நான் ஆபீஸிலிருந்து வந்து பெருக்குவது அட்டைத் தூள்தான்.

இதில் நான் எதிர்பார்க்காதது, அவர் அதில் ஒட்டிக்கொண்டது. "வீட்ல மொசலா? நல்லா இருக்குது கத" என்று முதலில் சொன்னவர், கொஞ்ச நாளில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு அட்டை கிழித்துத் தந்தார். மகளோடு பேச முடியாததை எல்லாம் முயலோடு பேசினார். "இன்னாடா, இன்னிக்கு வேலய முடிச்சிட்டியா? கூலி வேணுமா?" என்பார். அவள் அறையிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் சமையலறையில் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறேன். எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

பரணில் இன்னொரு அட்டைப் பெட்டி இருந்தது. மீதிப் பத்திரிகைகள் இருந்த பெட்டி. எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக அச்சகத்தில் மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. வடகம் டப்பா எடுக்க ஏறும் போதெல்லாம் அது என் முகத்துக்கு நேரே இருக்கும். நாங்கள் மூவரும் உட்கார்ந்து அத்தனை பத்திரிகைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தோம். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் என் விரல் நுனி மஞ்சளாகவே இருந்தது. மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் போட்டதைக் குப்பையில் போடக் கூடாது. கொளுத்தவும் கூடாது. கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வரலாம் என்றால், ஒன்றிரண்டு என்றால் சரி, கட்டுக் கட்டாக வைத்தால் பெயரைப் படித்துப் பார்க்க அங்கே ஆளா இல்லை? பழைய பேப்பர்காரரிடம் நானே ஒன்றை எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்ககிட்ட போவாதுக்கா. பொட்டிய வேணா குடுங்க" என்றார். திரும்பவும் ஏறிப் பரணிலேயே வைத்தேன். சாமிக்கும் வேண்டாம், குப்பைக்கும் வேண்டாம், கடைக்கும் வேண்டாம். எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது.

ஒரு நாள் மாலை விளக்கேற்றப் போனபோது, சாமி அலமாரியில் ஒரு டம்ளருக்குள் சின்னச் சின்னப் பிள்ளையார்கள் கத்தையாக இருந்தன. எல்லாம் கத்தரிக்கோலால் ஓரம் பிசிறில்லாமல் வெட்டியவை. அதைப் பார்த்ததும் பத்திரிகைக்கு என் வீட்டுக்காரர் ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது. என்ன வழி என்று கேட்க நினைத்தேன். குக்கர் விசிலடித்தது, போனேன். மறுநாள் விடிந்ததும் கேட்காமலே தெரிந்துவிட்டது.

முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கே ஓடி வருவது, மூக்குக்கு நேரே நீட்டியும் திரும்பவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. இரவெல்லாம் போட்டிருக்க வேண்டிய புழுக்கை தரையில் ஒன்றுகூட இல்லை. மகள் முகம் வெளுத்துவிட்டது. முயலுக்கு வாந்தி வராதாம். தின்றது வயிற்றில் நின்றுவிட்டால் அப்படியே நின்றுவிடுமாம், அரை நாள் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்தாம். பேசிக்கொண்டே குனிந்து அட்டை வீட்டுக்குள் கையை விட்டாள். கையோடு வந்தது பத்திரிகைத் துண்டு. கெட்டி அட்டையை விசிறி மாதிரி மடித்து, நடுவில் புல் வைத்து, அழகாகச் செய்திருந்தார்.

"அப்பா. எதுக்குப்பா இதக் குடுத்த?"

அவர் தாழ்வாரத்திலிருந்து எழுந்து வந்தார். "பொட்டி அட்டையெல்லாம் தீந்து போச்சும்மா. அதுவும் அது லாரில வந்தது, எத்தினி பேரு கை பட்டுதோ. இது மஞ்ச தடவினது. சுத்தம். சாமிய எடுத்துட்டுத்தான் போட்டேன்."

"சாமிய எடுத்துட்டியா? கோல்டு இங்க், ஜிகினா எல்லாத்தயும் வுட்டுட்டு சாமிய மட்டும் எடுத்துட்டியா?" அவள் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பிய அன்றுகூட அவள் குரல் எழும்பவில்லை. "உனக்கு அத தூக்கிப் போட மனசு வரல, அதனால இத சாவடிக்கிற."

"குப்பையில போடக் கூடாதும்மா" என்றார் மெல்ல. "ஒரு உயிரு தின்னுட்டா பாவமில்ல."

அந்த இடத்தில் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை. அசதிதான் வந்தது. எல்லோரும் நல்லதையே நினைத்து நினைத்து இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று தோன்றியது. அவரைப் பொறுத்தவரை அவர் அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்துவிட்டார். யாருக்கும் சொல்லாமல், வாயைத் திறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்குப் போட்டு.

திண்டிவனத்தில் நாங்கள் விசாரித்தவரை மாடும் ஆடும் நாயும் பார்க்கிறவர்கள்தான். என் ஆபீஸில் கிளி வளர்க்கிற ஒரு அம்மா, விழுப்புரத்தில் முயல் பார்க்கிற டாக்டர் ஒருவரைச் சொன்னார். ஆபீஸுக்குத் தலைவலி என்று லீவு சொன்னேன். தலைவலி உண்மைதான். முயலை வைத்துத் தூக்கிப் போக, வீட்டில் முழுசாக மிஞ்சியிருந்தது அந்தப் பத்திரிகைப் பெட்டி ஒன்றுதான். உள்ளே இருந்ததைப் பரணிலேயே கொட்டிவிட்டு, பழைய துண்டு விரித்து, முயலை வைத்தோம். பஸ்ஸில் அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பெயர் ஒட்டிய பக்கத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர், "இன்னாங்க, பொட்டியில கோழியா?" என்றார். மகள் துண்டை முயல் மேல் இழுத்து மூடினாள்.

டாக்டர் என் வயதுப் பெண்மணி. முயலின் வயிற்றை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பார்த்தார். எப்போது கடைசியாகத் தின்றது, எப்போது புழுக்கை போட்டது என்று கேட்டார். மகள் சொன்னாள். "சாப்பாட்டுல புதுசா ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. அட்டதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன அட்டைங்க? சாதா பொட்டி அட்டைன்னா பயமில்ல. முக்கால்வாசி கடிச்சுத் துப்பிடும், கொஞ்சம் உள்ள போனாலும் வெளிய வந்துடும். நெறைய முழுங்கற பழக்கம் இருந்தாத்தான் நிறுத்தணும்."

"அட்டதாங்க. பேப்பரு மாதிரி."

டாக்டர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "பெரியவரே, கொஞ்சம் சரியா சொல்லுங்க. சும்மா குடல் மந்தமா இருந்தா குடல நடக்க வைக்க ஒரு ஊசி போடுவேன். உள்ள ஏதாச்சும் அடைச்சுக்கினு இருந்தா அதே ஊசி ஆபத்து. என்ன தின்னுதுன்னு தெரியாம நான் கை வைக்க முடியாது."

மகள் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். அவள் முயலின் காதைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். காலையில் நாங்கள் கிளம்புகிற அவசரத்தில் இருந்தபோது முயல் வீட்டிலிருந்து பொறுக்கிய துண்டுகள். ஓரமெல்லாம் பல் பட்டிருந்தது.

"இதாங்க. ஒரு கார்டுல காலு பங்குக்கு மேல கொறையுது. அவ்ளோதான் உள்ள போயிருக்கும்" என்றார், மண்டியில் எடை சொல்கிற குரலில்.

டாக்டர் ஒரு துண்டை எடுத்து, ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தனியாக உரிந்து வந்தது. அதன்மேல்தான் பொன் நிறம் இருந்தது. பழைய பேப்பர்காரர் ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "இதான் பிரச்சன. அட்ட கரையும், இது கரையாது" என்றவர், துண்டைத் திருப்பிப் பார்த்தார். "பத்திரிகையா? யாரு கல்யாணம்?"

பேச்சுவாக்கில் கேட்டதுதான். அந்தப் பழைய வார்த்தை என் வீட்டுக்காரர் நாக்கு வரை வந்ததை நான் பார்த்தேன்.

"என் பொண்ணுதுங்க" என்றார். "நின்னு போச்சு."

மகள் முயலின் மேல் குனிந்துகொண்டாள். டாக்டருக்கு இது எதுவும் தெரியாது. "சரி. கார்டு வேற மிச்சம் இருக்குதா வீட்ல? அதயும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துப் பார்க்க முயலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

முழுசாக அடைக்கவில்லை. வயிற்றில் காற்றும் கசடும் கலந்து தேங்கியிருந்தது. வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கு அடியில் நீர் ஏற்றி, பொறுத்திருந்து பார்த்துக் கடைசியாக அந்தக் குடல் ஊசியையும் போட்டார். ஊசிக்குழாயில் கஞ்சி மாதிரி ஒன்றைக் கரைத்து வாயோரத்தில் புகட்டக் கற்றுக்கொடுத்தார். வயிற்றை நீவிவிடச் சொன்னார். பிழைக்கும் என்று சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி கொண்டுவாங்க என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு முயல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கஞ்சி புகட்டினால் அவர் வயிற்றை நீவினார். நான் ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. விடிந்ததும் அவர் என்னை எழுப்பினார். அவர் உள்ளங்கையில் மிளகு அளவில், சின்னதாக, காய்ந்து போன இரண்டு புழுக்கை. "போட்டுட்டான்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு நல்ல சேதியை அவர் இப்படிக் கையில் வைத்துக் காட்டி வெகு நாளாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கும் அதே பஸ், அதே பெட்டி. நான் ஆபீஸுக்குப் பாதி நாள் லீவு சொன்னேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இளகியிருக்கிறது என்றார். ஆனால் தானாகக் கடித்துத் தின்கிற வரை நம்ப முடியாது என்றார். கிளம்பும்போது பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது நல்ல அட்ட. இதக் கடிக்கட்டும். மேல ஒட்டினத மட்டும் எடுத்துடுங்க, பசையிருக்கும்."

விழுப்புரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் மூவருக்கும் சேர்ந்தாற்போல் சீட் கிடைத்தது. நான் ஜன்னலோரம், அவள் நடுவில், அவர் ஓரத்தில் பெட்டியோடு. ஊரைத் தாண்டியதும் அவர் பெட்டியைத் திருப்பி, பெயர் இருந்த பக்கத்தை வெளியே கொண்டுவந்தார். கட்டைவிரல் நகத்தால் தாளின் ஒரு மூலையை நெம்பினார். பஸ் குலுங்கியதில் கிழிந்து கிழிந்து வந்தது. முதலில் பையன் பெயர் வந்தது. பிறகு நிறுத்தி, விரலை எச்சில் தொட்டுக்கொண்டு, மகள் பெயரை மெதுவாக, கிழியாமல் எடுக்கப் பார்த்தார். அதுவும் கிழிந்தது. "நல்லா ஒட்டிக்கீறானுங்க" என்று முனகினார். அவளும் தன் நகத்தால் அந்தப் பக்கத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் பசை இருந்த இடம் அட்டையோடு ஒரு படலம் உரிந்து, அடியில் வெறும் பழுப்பு தெரிந்தது.

டோல்கேட்டில் பஸ் நின்றபோது பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கரக், கரக் என்று. மூவரும் குனிந்தோம். முயல் முன்னங்கால் இரண்டையும் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, அவர்கள் சுரண்டிய அதே இடத்தை உள்ளேயிருந்து கடித்துக்கொண்டிருந்தது. அவர் பதறிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுப்பா. வெறும் அட்டதான். இனிமே ஒண்ணும் ஆவாது."